காபரேற்றருக்கு அடியில் ஒரு தகடு

வன்னியில் அந்த வருசங்களில் கார் வைத்திருந்தவன் எல்லாம் அரை டொக்டர். என் காரின் பொனற்றைத் தூக்கினால் முதலில் கண்ணில் படுவது எஞ்சின் அல்ல. தலைகீழாகத் தொங்கும் ஒரு சேலைன் போத்தல். அதற்குள் பெற்றோல். போத்தலில் இருந்து இறங்கும் மெல்லிய குழாய் காபரேற்றரின் வாய்க்குள் போகும். பெற்றோல் ஆமி எங்கள் பக்கம் வர விடாத சாமான். எப்படியோ வந்து சேர்ந்த கொஞ்சத்தையும் பிள்ளைக்கு மருந்து பருக்குகிற மாதிரித்தான் பாவிக்கலாம். எனவே காரைக் கண்விழிக்க வைக்க மட்டும் சில துளி பெற்றோல். எழும்பிச் சூடேறிய பிறகு ஒரு திருகைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். மிச்ச ஓட்டமெல்லாம் அதில்தான்.

எழும்பாத நாட்களில் நான் போத்தலைச் சுண்டிச் சுண்டிப் பார்ப்பேன். என் மனிசி குசினி வாசலில் நின்று கேட்பாள்: "நாடி பிடிச்சுப் பாத்தியளே?"

என் கார் ஒரு சாம்பல் நிற ஏ-ஃபோர்ட்டி. என்னைவிட வயது கூடியது, ஆனால் குணத்தில் என்னைப்போல. சத்தம் பெரிது, வேலை சின்னது. அதை வைத்துத்தான் ஹயர் ஓடிச் சீவித்தேன். கலியாண வீடு, செத்த வீடு, ஆஸ்பத்திரி, எதற்கும் போவேன். எதற்குப் போனாலும் ஆட்கள் மண்ணெண்ணெய் மணத்தோடுதான் இறங்குவார்கள். ஒரு மாப்பிள்ளை தாலி கட்டும்போது ஐயர் ஓமத் தீயைக் கொஞ்சம் தள்ளி வைத்ததாக ஊரில் ஒரு கதை உண்டு. அந்தக் கதையைக் கட்டிவிட்டது நான்தான்.

வன்னி தட்டையான நிலம், ஏற்றத்துக்கு எங்கே போவது என்று நினைப்பீர்கள். எனக்கென்று ஒரு ஏற்றம் இருந்தது. கிளிநொச்சி நகரத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட பிறகு, நானும் மனிசியும் ஸ்கந்தபுரத்துக்கு அப்பால், ஒரு குளத்துக்குக் கீழே இருந்த ஊரில் கொட்டில் போட்டோம். அந்த ஊரில் இருந்து சந்திக்குப் போவதென்றாலும், பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றுக்குள் இடம்பெயர்ந்து வந்து இயங்கிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்றாலும் பாதை ஒன்றுதான். குளக்கட்டில் ஏறி, கட்டின் மேலால் போய், மற்றத் தலைப்பில் இறங்கவேண்டும். இரண்டு தலைப்பிலும் செங்குத்தான செம்மண் ஏற்றம். மண்ணெண்ணெயில் ஓடும் கார் அந்த ஏற்றத்தில் பாதிக்கு வரும், ஒரு பெருமூச்சு விடும், நின்றுவிடும்.

அதற்கு ஊர் ஒரு வழக்கம் வைத்திருந்தது. குளக்கட்டடியில் காரை நிறுத்தி இரண்டு தரம் ஹோர்ன் அடித்தால் வயலில் நிற்கிறவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வருவார்கள். குளத்தில் குளிக்கிறவர்கள் சவர்க்கார நுரையோடு வருவார்கள். எல்லோருமாகத் தள்ளி மேலே ஏற்றுவார்கள். ஏற்றினதுக்குக் காசு வாங்குகிற வழக்கம் இல்லை. ஆனால் மேலே ஏறியதும் சாரதி இறங்கி, அவர்களோடு குந்தியிருந்து, ஒரு பீடி பற்றி முடிகிற நேரத்துக்குச் சந்திப் பக்கத்துப் புதினங்களைச் சொல்லவேண்டும். ஆர் வந்தார், ஆர் போனார், எந்தப் பக்கம் செல் விழுந்தது, கூப்பனுக்கு மா வந்ததா. புதினம் இல்லாத நாட்களில் நானே புதினம் செய்து கொடுத்திருக்கிறேன். ஐயரும் ஓமமும் அப்படிப் பிறந்த கதைதான்.

தள்ளுகிற கூட்டத்துக்குத் தலைவர் என் பக்கத்து வளவுக்காரர். மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே ஒரு கலவரத்தில் வீட்டை எரித்துத் துரத்திவிட, வன்னிக்கு வந்து காடு வெட்டி வயலாக்கியவர். இரண்டு சக்கர லான்ட்மாஸ்டர் உழவு மெசின் ஒன்றும் அதற்குப் பின்னால் கொளுவுகிற ஒரு பெட்டியும் வைத்திருந்தார். உழவுக்கும் அதுதான், ஊர்வலத்துக்கும் அதுதான். நான் அவரை அண்ணை என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். என் காரை மட்டும் பெரிய மரியாதையோடு 'அவுங்க' என்பார்.

"என்னா தம்பி, அவுங்களுக்கு இன்னிக்கும் முடியலையாமா?"

"ஓம் அண்ணை. கொஞ்சம் களைப்பாம்."

"பேசாம முன்னால ரெண்டு மாட்டைக் கட்டிருவோம். ஹோர்ன் அடிக்கிறது மட்டும் நீங்க பாத்துக்குங்க."

இப்படியே போயிருக்கலாம். அப்போதுதான் மனிசி முழுகாமல் இருந்தாள்.

கலியாணம் கட்டிக் கனகாலம். இதற்கு முன்னம் இரண்டு தரம் தங்கி இரண்டு தரமும் கலைந்துபோனது. இந்த முறை ஐந்து மாதம் தாண்டியது. ஆஸ்பத்திரியில் இருந்த மருத்துவிச்சி அம்மா என்னை வெளியே கூப்பிட்டு, "இவவை வீட்டில வைச்சுப் பாக்கிற எண்ணம் ஒண்டும் வேண்டாம். குத்துத் தொடங்கின உடன இஞ்ச கொண்டு வந்திட வேணும். சுணங்கினால் என்னைக் கேக்கப்படாது" என்றா. பிள்ளை பிறக்கிற நாள் மாரியில் விழுந்தது. மாரி என்றால் கட்டடியில் ஆர் நிற்பார்கள்? வயலில் வெள்ளம், குளத்தில் குளிப்பார் இல்லை. கொட்டுகிற மழைக்குள் ஹோர்ன் அடித்தால் தவளைதான் வரும்.

அந்தப் பயம் எனக்குள் கிடந்தது. ஆனால் மனிசி சொன்ன காரணம் வேறு.

"ஊரே சேந்து என்னைத் தள்ளிக்கொண்டு போறதோ? எனக்கு வெக்கமாக் கிடக்கு. தேர் எண்டு நினைச்சு ஆரும் தேங்காய் உடைச்சாலும் உடைப்பினம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். ஆனால் அன்றைக்கே மனதுக்குள் முடிவெடுத்துவிட்டேன். பிள்ளை பிறக்கிற நாளில் என் கார் ஒருவரும் தொடாமல், தானாக, அந்தக் கட்டில் ஏறவேண்டும். உலகத்தில் என்னால் செய்யக்கூடிய காரியமாக அது ஒன்றுதான் தெரிந்தது. சண்டையை நிறுத்த முடியாது. மருந்துத் தடையை எடுக்க முடியாது. மனிசியின் கருப்பைக்குள் கையை விட்டு ஒன்றையும் இறுக்கிப் பூட்ட முடியாது. காபரேற்றரைப் பூட்டலாம்.

சந்தியில் மருதமரத்துக்குக் கீழே கார்க்காரர்கள் கூடுவோம். மண்ணெண்ணெய் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாததால் காத்திருப்பதே தொழிலாகிவிட்டது. அங்கே அந்த நாட்களில் ஒரே கதை, தகட்டுக் கதை. காபரேற்றர் காற்றையும் எண்ணெயையும் கலந்து எஞ்சினுக்குள் அனுப்புகிற சட்டி. அது மனிபோல்ட் என்கிற இரும்புக் குழாயின் மேல் குந்திக்கொண்டு இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு தடித்த தகட்டை வைத்துச் சட்டியைக் கொஞ்சம் உயர்த்தினால், கலவை உள்ளே போகுமுன் ஒழுங்காகக் கலக்க இடம் கிடைக்கும், கார் நல்லாய் இழுக்கும் என்று ஆரோ எங்கோ சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு மரத்துக்குக் கீழே இருந்த ஒவ்வொருவரும் ஒரு விஞ்ஞானி.

"நான் போட்டனான் ஐசே," என்பார் கறுப்புக் கார்க்காரர். "ஆள் வேற ஆள். மூண்டாம் கியரில ஏறுது."

"எங்க ஏறினது?" என்று பச்சைக் கார்க்காரர் கேட்பார்.

"ஏறுது எண்டு சொல்லுறன்."

"எங்க எண்டுதான் கேக்கிறன். உம்மட வீட்டில இருந்து இஞ்ச மட்டும் ஒரு எறும்புப் புற்றும் இல்லையே காணும்."

பச்சைக் கார்க்காரர் தன் பங்குக்குப் பாட்டாச் செருப்பை வெட்டித் தகடாக வைத்தார். மண்ணெண்ணெய் குடித்துச் செருப்பு பொங்கி, வழியில் எஞ்சின் அதை உள்ளே இழுத்துவிட்டது. பிறகு கனநாள் அவரைக் கண்டால் "மற்றச் செருப்பு எங்கை அண்ணை?" என்று கேட்பதுதான் சந்தியின் பொழுதுபோக்கு. கேட்கத் தொடங்கியதும் நான்தான்.

எனக்குக் கிடைத்த ஞானம் கச்சான் கடலை சுற்றிவந்த தாளில் இருந்தது. ஏதோ பழைய வெளிநாட்டுக் கார்ப் புத்தகத்தின் அரைப் பக்கம். தகட்டைச் சூடு கடத்தாத பொருளில் செய்யவேண்டும், காபரேற்றர் குளிர்ந்திருந்தால் இழுவை கூடும் என்று இங்கிலீசில் கிடந்தது. அதற்கு மேல் கிழிந்துவிட்டது. நான் கச்சானைத் தின்று முடிப்பதற்குள் பொறியியலாளனாகிவிட்டேன். சூடு கடத்தாத பொருள் மரம். நல்ல மரம் எங்கே இருக்கிறது? நாங்கள் கிளிநொச்சியில் இருந்து சுமந்துவந்த தேக்கங் கதிரையில்.

"நான் இருக்கிற கதிரையையும் காருக்குத் தின்னக் குடுத்திட்டியளோ?" என்றாள் மனிசி. வயிற்றைத் தாங்கிக்கொண்டு அரிசி மூட்டையில் இருந்தாள்.

"இது முடிய உமக்கு ரெண்டு கதிரை."

"பிள்ளை பிறந்து நடக்கத் தொடங்கும். அப்பவும் நான் மூட்டையிலதான் இருப்பன்."

தேக்கந் தகட்டைப் போட்டுக் காரை எழுப்பினேன். சேலைன் பெற்றோலில் எழும்பி, ஐயோ, என்ன இனிமையான சத்தம்! திருகைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் சைலன்சருக்குள்ளால் வெள்ளைப் புகை. சாதாரணப் புகை அல்ல. வளவு மறைந்தது, வேலி மறைந்தது, பக்கத்து வளவு மறைந்தது. மறைந்த பக்கத்தில் இருந்து அண்ணையின் குரல் வந்தது.

"தம்பி, நொளம்புக்குப் புகை அடிக்கிறீங்களா? எங்க வீட்டுப் பக்கமும் கொஞ்சம் அடிச்சு விடுங்க."

கார் செத்தது. நான் ஒரு கையை மனிபோல்டில் ஊன்றி, மற்றக் கையைக் காபரேற்றரில் வைத்தேன். ஊன்றிய கையில் தோல் பொங்கிவிட்டது. மற்றக் கைக்குக் காபரேற்றர் தண்ணீர்ப் பானைபோலக் குளிர்ந்து கிடந்தது. அப்போதுதான் விளங்கியது. அந்தப் புத்தகம் எழுதியவன் வேறு உலகத்தில் இருந்து எழுதியிருக்கிறான். அவனுடைய கார் பெற்றோலில் ஓடுகிறது. பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் சூட்டுக்குத்தான் மசியும். எங்களுக்கு வேண்டியது சூட்டைத் தடுக்கிற தகடு அல்ல, சூட்டைத் தூக்கிக் கொடுக்கிற தகடு. பொங்கிய கையோடு நான் சந்தோசத்தில் கத்த, மனிசி பயந்து ஓடிவந்தாள்.

வெடித்துப்போன தண்ணீர்ப் பம்ப் ஒன்றின் உடம்பு அலுமினியம். அதில் ஒரு துண்டை வாளால் அறுத்து, அரத்தால் ராவி ராவி, துளையிட்டு, பால்மாப் பெட்டி மட்டையில் காற்றுப் புகாமல் பெக்கிங் வெட்டி, சைக்கிள் அச்சுகளை நீள ஆணிகளாக்கிப் பூட்டினேன். செய்து முடிக்க மழைக்காலமே தொடங்கிவிட்டது. கொட்டிலில் ஒழுக்கு ஒன்றை அடைக்கவில்லை. மனிசி சட்டியை ஒழுக்குக்குக் கீழே நகர்த்தி நகர்த்தி வைத்தபடி, "இதையும் கொஞ்சம் ராவி விடுங்கோவன்" என்பாள்.

வெயில் எறித்த ஒரு காலையில் கட்டடிக்குக் காரைக் கொண்டுபோனேன். பழக்கதோசத்தில் ஆட்கள் வயலால் ஓடிவந்தார்கள். நான் நிறுத்தவில்லை. இரண்டாம் கியரில் விட்டேன். கார் பாதிக்கு வந்தது. வழக்கமாகப் பெருமூச்சு விடும் இடத்துக்கு வந்தது. விடவில்லை. ஏறியது. மேலே போய்த் திரும்பிப் பார்க்கிறேன், தள்ளுவதற்கு நீட்டிய கைகளை நீட்டியபடியே வைத்துக்கொண்டு எல்லோரும் கீழே நிற்கிறார்கள். ஒருவர் தலையில் நுரை.

அண்ணை மட்டும் வாயில் கையைக் குவித்துக் கத்தினார்: "அவுங்க ஏறிட்டாங்க, சரி! அப்ப எங்களுக்குப் புதினம்?"

"வரேக்க சொல்லுறன் அண்ணை!" என்றேன். நிறுத்தினால் சூடு போய்விடும்.

வரும்போதும் நிறுத்தவில்லை.

குளக்கட்டு ஏறும் கார் என்ற பெயர் காரைவிட வேகமாகப் பரவியது. ஆஸ்பத்திரியில் ஒரு அம்புலன்ஸ் இருந்தது. டீசல் இல்லாததால் அதன் நிழலில் நோயாளிகள் படுத்திருந்தார்கள். அதனால் கட்டுக்குக் கீழே எவருக்கு என்ன வந்தாலும் முதலில் என் படலைதான் தட்டப்படும். முன்பு காரைத் தள்ள ஆள் வேண்டும் என்பதால் வேறு வழி இல்லாதவர்கள்தான் கூப்பிடுவார்கள். இப்போது எல்லோரும் கூப்பிட்டார்கள். குலைப்பன் காய்ச்சல், மாடு இடித்தது, கிணற்றுக்குள் விழுந்தது. எப்படி மாட்டேன் என்பது? ஒருவரையும் மறிக்க முடியாது. சத்தியமாகச் சொன்னால் மறிக்க விருப்பமும் இல்லை. போகிற இடமெல்லாம் பொனற்றைத் திறந்து காட்டுவேன். தகட்டைக் கண்டவர்கள் தொட்டுக் கும்பிடாத குறை.

"கார் ஏறாத நாளில எண்டாலும் வீட்டில உங்களைக் கண்டனான்," என்றாள் மனிசி. "இப்ப ரெண்டு பேரையும் காணக் கிடைக்குதில்லை."

அப்போதும் சிரித்தாள். ஆனால் கால் இரண்டும் வீங்கியிருந்தன.

அன்றைக்கு விடிய முன்னம் தொடங்கிய மழை விடவில்லை. மத்தியானம் சோறு போட்டுக்கொண்டு இருக்கையில் படலையில் கூக்குரல். தோட்டத்துக்குப் போன ஒருவரைப் புடையன் பாம்பு கடித்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே துணியால் கட்டி, இரண்டு பேர் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். நான் மனிசியைப் பார்த்தேன்.

"எனக்கு இன்னும் நாள் கிடக்கு," என்றாள். "போட்டு வாங்கோ. சோத்தை மூடி வைக்கிறன்."

போனேன். கட்டில் செம்மண் குழம்பாகிக் கிடந்தது. கார் ஏறியது. பாம்பு கடித்தவரை ஆஸ்பத்திரியில் இறக்கினேன். மருந்து இருந்தது, ஏற்றினார்கள். திரும்பி வெளிக்கிட, எங்கள் பக்கத்தால் வரும் கார் வெறுமையாகத் திரும்பக்கூடாது என்ற முறைப்படி, காலில் கட்டுப்போட்ட ஒரு வயோதிபரை ஏற்றிவிட்டார்கள். அவர் முன் சீற்றில் இருந்து, வைப்பர் இல்லாத என் கண்ணாடிக்குத் தன் புகையிலையைத் தந்து தேய்க்கச் சொன்னார். தேய்த்தால் மழைத்தண்ணீர் ஒட்டாது. காரை மெச்சிக்கொண்டே வந்தார்.

"பிளேன் மாதிரியெல்லோ போகுது, தம்பி!"

"பிளேன் எண்டு உரத்துச் சொல்லாதேங்கோ அப்பு. ரோட்டில நிக்கிற சனம் பங்கருக்குள்ள பாய்ஞ்சிடும்."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடுதான் கட்டின் மற்றத் தலைப்பில் ஏறினேன். ஒரு இருமல் இல்லை. மேலே ஏறியதும் பெருமைக்கு இரண்டு தரம் ஹோர்ன் அடித்தேன்.

கட்டு ஒரு வாகனத்துக்கு மட்டும் அகலம். எதிரே, மழைக்குள், எங்கள் ஊர்ப் பக்கத்துத் தலைப்பில் இருந்து ஏதோ ஒன்று வந்துகொண்டிருந்தது. முன்னால் லான்ட்மாஸ்டரின் நீளமான கொம்புக் கைபிடியைப் பிடித்தபடி ஒருவர். பின்னால் தறப்பாள் மூடிய பெட்டி. பெட்டியைச் சுற்றி, பெட்டிக்குப் பின்னால், உரப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆட்கள், ஆட்கள். தொடைவரைக்கும் சேறு. பெண்களும் இருந்தார்கள். சத்தியமாகத் தேர் மாதிரித்தான் இருந்தது.

அண்ணை லான்ட்மாஸ்டரை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். மழை அவர் வாய்க்குள் ஓடியது.

"நீங்க போன கையோட வலி வந்திருச்சு தம்பி. வண்டி ஏறல. சில்லு சுத்துது, நின்ன எடத்துலயே நிக்குது. ஹோர்னும் இல்ல எங்கிட்ட. வாயால கத்தினேன். ஊரே வந்து தள்ளிச்சு."

நான் இறங்கிப் பெட்டிக்கு ஓடினேன். தறப்பாளுக்குள் அண்ணையின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவ, மடியில் ஒரு சேலைச் சுருளை வைத்துக்கொண்டு இருந்தா. மனிசியின் தலை அவவின் தோளில்.

"அக்கா, பிள்ளை?"

"ஏத்தத்துலயே வந்திருச்சுங்க தம்பி." சுருளை இறுக்கிப் பிடித்தா. "அழவே இல்ல. முதல்ல இவங்களக் கொண்டு போவோம். ரெத்தம் நிக்கல."

மனிசி கண்ணைத் திறந்தாள். "ஹோர்ன் கேட்டுது," என்றாள். "நீங்கள்தான் எண்டு தெரியும்."

காரைக் கட்டின் மேல் திருப்ப முடியாது. காலில் கட்டுப்போட்ட அந்த மனிதர் தானாகவே இறங்கி மழைக்குள் நின்றார். மனிசியைப் பின் சீற்றில் கிடத்தினோம். அக்கா சுருளோடு ஏறினா. கட்டின் மேலால், பின்னுக்கே, பின்னுக்கே ஓட்டி, பின்னுக்கே இறங்கினேன். பக்கங்களில் ஊரார் ஓடிவந்து, "இடது, இடது, இப்ப நேர" என்று கத்திக் கத்திப் பாதை காட்டினார்கள். பிறகு காரைத் திருப்பி ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரே ஓட்டம். கார் ஒரு இடத்தில் கூடத் தடுமாறவில்லை. அன்றைக்கு அது எங்காவது நின்றிருந்தால் அதன் தலையில் பழியைப் போட்டிருப்பேன். அந்த உபகாரத்தைக்கூட அது செய்யவில்லை.

மனிசி தப்பினாள். பிள்ளை, பெட்டைப்பிள்ளை, ஏற்கனவே முடிந்துவிட்டது. இனி ஒன்றும் தங்காது என்றும் சொன்னார்கள். கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று டொக்டர் சொல்லவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் சேலைன் போத்தல் ஒன்று தலைகீழாகத் தொங்கியது. துளி விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு இருந்தேன். விழச் சுணங்கினால் பழக்கதோசத்தில் சுண்டிவிட்டேன். நேர்ஸ் ஏசினா.

பிள்ளையை அண்ணை கொண்டுபோனார். எங்கே என்று பிறகு காட்டினார். குளத்துக்குக் கீழே, அவருடைய வளவின் மூலையில், வெள்ளம் ஏறாத திட்டில்.

மனிசி வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் பாம்பு கடித்தவர் வந்தார். நொண்டி நொண்டி வந்து ஒரு பை பயறு தந்து, "உங்கட கார் இல்லாட்டி நான் இல்லை" என்றார். நல்ல மனிதர். எங்களுக்கு நடந்தது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் நிலத்தைப் பார்த்துச் சொன்னார். மனிசி பயற்றை வாங்கி, கல்லுப் பொறுக்கி, அன்றைக்கே அவித்தாள். இரண்டு பேரும் தின்றோம். நல்ல பயறுதான்.

அந்த நாட்களில் எனக்கு ஒரே ஒரு கணக்கு மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கார் ஏறாத காராக இருந்திருந்தால் பாம்பு கடித்தவரை லான்ட்மாஸ்டரில் ஏற்றியிருப்பார்கள், ஊர் தள்ளியிருக்கும். கார் வளவில் நின்றிருக்கும். மனிசியைக் காரில் ஏற்றிக் கட்டடிக்குப் போய் இரண்டு தரம் ஹோர்ன் அடித்திருந்தால், தவளையா வந்திருக்கும்? ஊரே அல்லவா வந்தது, ஹோர்ன் இல்லாமலே வந்தது. அந்தக் கணக்கை எப்படிப் போட்டாலும் பாம்பு கடித்தவர் ஒரு பக்கத்தில் வந்து நிற்பார், பயற்றுப் பையோடு. அவரைத் தள்ளிவிட்டுக் கணக்கை முடிக்க என்னால் முடியவில்லை. பகிடி விட்டுக் கடக்கவும் முடியவில்லை. என் வாயில் அதுவரை தட்டுப்பாடு இல்லாமல் இருந்த ஒரே சாமான் பகிடி. அதுவும் வருவது நின்றுபோனது.

தகட்டைக் கழற்றினேன். ஒரு நோக்கமும் இல்லை. கழற்றாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கார் பழையபடி பாதி ஏற்றத்தில் பெருமூச்சு விட்டு நின்றது. ஹோர்ன் அடித்தேன். ஆட்கள் வந்தார்கள். ஒருவரும் தகடு எங்கே என்று கேட்கவில்லை. தள்ளினார்கள். மேலே ஏறியதும் நான் இறங்கி அவர்களோடு குந்தினேன். அண்ணை பீடியை நீட்டினார். புதினம் சொல்ல வாய் திறந்தேன், ஒன்றும் வரவில்லை.

"பரவால்ல தம்பி," என்றார். "சும்மா இருந்துட்டுப் போங்க."

மாரி முடிகிற நேரம், கண்டாவளையில் இருந்து இடம்பெயர்ந்து வந்திருந்த ஒரு கார்க்காரர் என்னைத் தேடி வந்தார். சந்தியில் சொல்லி விட்டிருக்கிறார்கள். ஐம்பது வயதிருக்கும், நல்ல சிரித்த முகம், கையில் தொப்பி. தகட்டைப் பார்க்கவேண்டும், முடிந்தால் அளவு எடுக்கவேண்டும் என்றார்.

"உங்கட அனுபவம் எப்பிடி? உண்மையைச் சொல்லுங்கோ. இஞ்ச எல்லாரும் புளுகினம்."

உண்மையைச் சொன்னேன். "நல்லா இழுக்கும். எந்த ஏற்றமும் ஏறும். சூடு போக விடாதேங்கோ."

"பேந்து ஏன் கழட்டி வைச்சிருக்கிறியள்?"

நான் உள்ளே போய்த் தகட்டை எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன். "அளவு எடுக்கத் தேவையில்லை. இதையே கொண்டு போங்கோ."

அவர் நம்பாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரிசி மூட்டையில் இருந்த மனிசி, பல நாளாக அயலில் ஒருவரோடும் கதைக்காதவள், அங்கிருந்தே கேட்டாள்.

"உங்கட வீட்டில ஆரும் பிள்ளைத்தாச்சியள் இருக்கினமோ?"

"ஓம் பிள்ளை," என்றார் அவர் முகம் மலர்ந்து. "மூத்த மகள். முதல் பிள்ளை. அதுக்குத்தானே இந்த ஓட்டம் ஓடுறன்."

"அப்ப காரை வீட்டை விட்டு எடுக்காதேங்கோ," என்றாள். எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.

அவருக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு, கேட்க வந்த இன்னொன்று ஞாபகம் வந்தவர்போல, தகட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"இதில எந்தப் பக்கம் மேல வரவேணும்?"

"எந்தப் பக்கம் வைச்சாலும் ஒண்டுதான்," என்றேன்.